வாசல் தராசு காட்டிய பூஜ்யம்

தொழிற்பயிற்சிக்கு வந்த முதல் நாள் காலை, தராசுத் தொழிற்சாலையின் வாசல் மேடையில் ஏறி நின்ற மாணவியின் எடை பூஜ்யம். காவலாளி மேடையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார், மறுபடியும் பூஜ்யம். அவள் தோள்பையை வாங்கித் தனியாக வைத்துப் பார்த்தார். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பையை மாட்டிக்கொண்டு ஏறச் சொன்னார். அதே இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. "சாப்பாட்டு டப்பாதாம்மா வந்திருக்கு, நீ வரலை" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார். அவர் நல்ல மனிதர். ஆனால் வருகைப் பதிவு அவர் கையில் இல்லை, மேடையோடு இணைத்திருந்த கணினியிடம் இருந்தது. இருபது கிலோவுக்குக் கீழே எது ஏறினாலும் அது சரக்குதான், ஆள் இல்லை என்று அந்தக் கணினிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் ஆட்களை நிறுத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவார்கள். பித்தளை எடைக்கற்கள் ஒரு காலத்தில் சட்டைப்பைக்குள் ஏறி வீடுகளுக்கு நடந்து போய்க்கொண்டிருந்ததால் வந்த பழக்கம் இது. உள்ளே வந்த எடையும் வெளியே போகும் எடையும் ஒத்துப்போக வேண்டும். தின்ற சோற்றுக்கும் குடித்த தண்ணீருக்கும் தள்ளுபடி உண்டு. யாருக்கும் இதில் வெட்கமில்லை. தினசரி எடை தெரிவதால் மருத்துவச் செலவு குறைகிறது என்று பெருமை பேசுகிறவர்கள்கூட இருந்தார்கள். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு உள்ளே நுழைந்ததும் எடை குறைவது வழக்கம்தான். இதற்கு முன் வந்தவர்களில் ஒருவன் ஏழு கிலோ இழந்தான், இன்னொருத்தி பாதியாகிப் போனாள், பயிற்சி முடிந்து வெளியேறியதும் இருவருக்கும் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு வந்தது இவள்தான். இத்தனைக்கும் முந்தின வாரம் கல்லூரியில் நடந்த ரத்ததான முகாமில் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள்.

எடை இல்லையே தவிர, ஆள் லேசுப்பட்டவள் அல்ல. காற்றில் பறக்கவில்லை, நடந்தால் செருப்புச் சத்தம் கேட்டது, பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் நிறுத்தச் சொல்லும்வரை பேசினாள். முதல் வாரத்திலேயே எந்தத் தராசில் எந்தத் திருகாணியைத் தொட்டால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேள்விகளுக்குப் பதில் சொல்லி அலுத்தவர்கள் பெரும்பாலும் அவளைக் கடைசிச் சோதனைப் பிரிவில் இருந்த அக்காவிடம் அனுப்பிவைத்தார்கள். அந்த அக்காவுக்கு வாய் நீளம், மனசும் பெரிது. "வேலை செய்யறது நீ, ஆப்சென்ட் ஆகறதும் நீ, நல்லா இருக்குடி உன் பொழப்பு" என்று சிரிப்பாள். சிரிப்பாக இருந்தாலும் விஷயம் அப்படித்தான் இருந்தது. கணினிக் கணக்கில் அவள் ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை. வருகை இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் கடைசி வருடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். வீட்டில் அம்மா தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுப் பார்த்தாள், பலனில்லை. "தெனமும் விடிஞ்சா கிளம்பிப் போற பொண்ணைப் போய் வரலைன்னு சொல்ற மெஷின் என்ன மெஷின்!" என்று அம்மா திட்டியதில் நியாயம் இருந்தது. மேலாளரிடம் போய் முறையிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்க தராசு தப்பா காட்டாதும்மா. நீ ஒழுங்கா சாப்பிடு" என்று அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயம் தொழிற்சாலையில் தலை போகிற அவசரமாக ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு, பிறந்த குழந்தைகளை நிறுக்கும் தராசுகள். வெள்ளை நிறத்தில், தொட்டில் மாதிரிக் குழிந்த தட்டு, கிராம் கணக்கில் காட்டும் திரை. அடுத்த நாள் லாரி வருகிறது. கடைசித் தராசுகளைச் சோதித்துக்கொண்டிருந்த அக்காவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. வாசல் மேடை லாரி டயரை நிறுக்கிற சாதி. இவளுடைய எடை அதன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்கலாம் அல்லவா? "இதுல உக்காந்து பாருடி, பூஜ்யந்தானே, உடைஞ்சா போயிடும்?" என்றாள். மாணவி துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு குழந்தைத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டு உடையவில்லை. திரையில் மூன்று கிலோ இருநூறு கிராம் என்று வந்தது.

அவ்வளவுதான், கூடம் முழுக்க ஒரே கூத்து. சுகப்பிரசவம் என்று ஒருவர் கத்தினார், யாரை மாதிரி இருக்கிறது குழந்தை என்று இன்னொருவர் கேட்டார், எல்லோருக்கும் டீ வந்தது. இரண்டு கிலோப் பையைக் காட்டிய வாசல் மேடை மூன்று கிலோவைக் காட்டாமலா விடும் என்று அந்தக் கூத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மேலாளரே இறங்கி வந்து பார்த்தார். அவருக்கும் உள்ளூர அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு உறுத்தல் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அங்கேயே நின்று வாசலுக்கு ஃபோன் போட்டார். "அந்தப் பொண்ணு எடை மூணு கிலோ இருநூறு. மொத நாள்லேர்ந்து கம்ப்யூட்டர்ல வருகை போட்டுக்கோ, யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." இத்தனை வாரமாகச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்த மாணவிக்கு, தனக்கென்று ஒரு எண் கிடைத்ததில் அழுகையே வந்துவிட்டது.

கிடைத்த எண்ணை மறுபடி ஒருமுறை பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? டீ குடித்த தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பக்கத்து வரிசையில் இருந்த தராசில் ஏறி உட்கார்ந்தாள். ஐந்து கிலோ. அடுத்ததில் இரண்டு கிலோ. எழுந்து நின்று யோசித்தாள். பக்கத்து வரிசைத் தராசில் அக்கா கடைசியாக வைத்து எடுத்தது ஐந்து கிலோக் கல், அதற்கடுத்ததில் இரண்டு கிலோக் கல். அவள் முதலில் உட்கார்ந்த தராசில் மூன்று கிலோவும் இருநூறு கிராமுமாகக் கற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு கிலோ காட்டிய தராசில் ஒரு கிலோக் கல்லை வைத்து எடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒரு கிலோ. தராசுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. தனக்கு முன்னால் ஏறியதன் எடையைத் தூக்கி அவள் தலையில் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு குழந்தையை எடுத்துவிட்டு அடுத்த குழந்தையைப் போட்டால் இதே வேலையைத்தான் செய்யும். அந்த எடையைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்கள்.

பேசாமல் இருந்திருக்கலாம். லாரி நாளைக்கு, சான்றிதழ் அடுத்த வாரம், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். இதையெல்லாம் அவள் நினைக்காமல் இல்லை. கல்லை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பும் நேரத்துக்கு நன்றாகவே நினைத்தாள். பிறகு நேராக மேலாளர் அறைக்குப் போய், கதவைத் தட்டாமலே திறந்து, "சார், தராசு பொய் சொல்லுது. லாரில ஏத்தாதீங்க" என்றாள்.

மேலாளருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "உனக்கு எடையே கிடையாது, எடையைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று எழுந்தே விட்டார். வடிவமைப்புப் பொறியாளரைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். பொறியாளர் எல்லாக் கற்களையும் வைத்துக் காட்டினார், எல்லாம் இம்மி பிசகாமல் வந்தது. வெறும் தட்டு பூஜ்யம் காட்டியது. கூடமே அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. அவள் பின்வாங்கவில்லை. "கல்லு சும்மா உக்காந்திருக்கும் சார். குழந்தை உக்காருமா? உயிருள்ளதா ஒண்ணு வைங்க" என்றாள்.

தொழிற்சாலையில் உயிருள்ளது, தட்டில் அடங்குவது என்று பார்த்தால் கேன்டீன் பூனை ஒன்றுதான் இருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஐந்து கிலோக் கல்லை எடுத்துவிட்டுப் பூனையை வைத்தார்கள். அது நெளிந்து, சீறி, அக்காவின் கையைப் பிறாண்டியது. திரை ஐந்து கிலோ என்றது. ஒரு கிலோக் கல்லை வைத்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். அதே பூனை ஒரு கிலோ. பொறியாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். குழந்தை கைகாலை உதைக்கும்போது எண் ஆடாமல் இருக்கட்டும் என்று, தட்டு அசைகிறவரை, பூஜ்யத்தை விட்டுவிட்டு முந்தின எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி அவர்தான் நிரல் எழுதியிருந்தார். முந்தின எண் என்றால் முந்தின குழந்தையின் எண்ணாகவும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சோதித்த அத்தனை பேரும் இரும்புக் கல்லையே வைத்துச் சோதித்திருந்தார்கள், இரும்பு உதைக்காது. மாணவிக்கு எடை இல்லாவிட்டாலும் உட்காரும்போது அசைந்தாள், சம்மணம் மாற்றினாள், அதுவே தராசுக்குப் போதுமானதாக இருந்தது.

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ உன் மூணு கிலோ இருநூறும் போச்சு, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார். அது என்னோடது இல்லையே."

லாரி வெறுமனே திரும்பிப் போனது. பொறியாளர் வீட்டுக்குப் போகாமல் எழுதியதை எல்லாம் அழித்துத் திருத்தி எழுதினார். திருத்திய தராசுகளை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் கல்லை வைத்து எடுத்த கையோடு மாணவி ஏறி உட்கார்ந்து, கைகாலை உதைத்து, பூஜ்யம் வருகிறதா என்று பார்த்து இறங்கினாள். பூனையை வைத்துச் செய்யலாம் என்று யாரோ சொன்னதற்கு, பூனைக்கு எடை இருக்கிறது, அது ஒரு குறைதான் என்று அக்கா சொல்லிவிட்டாள். வாசலில் இருந்த கணினிக்கும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் மேலாளர். "பையைத் தனியா வெச்சுட்டு ஏறி, பூஜ்யம் காட்டிக் கதவு தெறந்தா அது அந்தப் பொண்ணு. வேற எதாவது காட்டினா அது அவ இல்ல, நிறுத்தி விசாரி" என்று காவலாளியிடமும் நேரில் வந்து சொன்னார். யாருமே வராமல் வாசல் திறந்ததாகக் கணக்கில் கிடந்த காலைகள் அத்தனையும் அவள் பெயருக்கு மாறின. சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட்டபோது பேனா அழுத்தத்தில் தாள் லேசாகக் கிழிந்தது. அம்மா அதை அப்படியே சட்டம் போட்டு மாட்டினாள்.

படிப்பு முடிந்ததும் அவள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். ரத்ததான முகாமில் இருந்த ஐம்பத்திரண்டு கிலோ திரும்பவே இல்லை, அவளும் தேடவில்லை. கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தராசில் ஏறினாலும் குழந்தையின் எடை மட்டும் சுத்தமாக வந்தது, கழித்துப் பார்க்கும் வேலை மிச்சம். கடைசிச் சோதனைப் பிரிவின் பொறுப்பு அவளுக்கு வந்தது. பயிற்சிக்கு வருகிற மாணவர்கள் எடை குறைந்து முகம் வாடி நிற்கும்போது, "எவ்வளவு போச்சு? அவ்வளவுதானா!" என்று கேட்டுச் சிரிக்க வைப்பாள்.

ஒரு வருடம் அரசாங்கத்திலிருந்து எடை அளவை ஆய்வாளர் வந்தார். புதியவர், கறாரானவர். வளர்ந்த பெண்மணி ஒருத்தி குழந்தைத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைகாலை உதைப்பதைப் பார்த்து, "என்ன இது?" என்றார். "அவங்க உக்காந்தா பூஜ்யம் காட்டணும் சார். காட்டலைன்னா அந்தத் தராசை வெளியே அனுப்ப மாட்டோம்" என்றார் மேலாளர். ஆய்வாளர் குனிந்து திரையைப் பார்த்தார். அவள் எவ்வளவு உதைத்தும் பூஜ்யம் அசையவில்லை. தன் பையிலிருந்து அரசாங்க முத்திரை குத்திய கல்லை எடுத்து, அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி அவள் கையில் கொடுத்தார்.