மின்சாரம் போன இடத்திலிருந்து

கர்க்கடகம் பிறந்துவிட்டால் அனந்தபுரிக்கு வானம் தாழ்ந்துவிடும். சங்குமுகத்துக் கடலில் எழும் கருமேகங்கள், மாலையில் வீடு திரும்பும் ஆநிரைபோல ஒன்றையொன்று உரசியபடி வந்து, கோட்டை மதிலைக் கடந்து, கோபுரத்தின் தோளில் சாய்ந்துகொள்ளும். காலைக்கும் மாலைக்கும் நிறம் ஒன்றாகும். பத்மதீர்த்தத்தின் படிகள் ஒவ்வொன்றாக நீருக்குள் மறையும். கொடியில் துணி உலராது. முற்றத்துக் கல்லில் பாசி ஏறும். தமிழர்க்கு ஆடி, மலையாளிக்குக் கர்க்கடகம். பெயர் எதுவாயினும் இருவரும் அந்த மாதத்தில் மணம் பேசுவதில்லை, மனை கோலுவதில்லை, புதிய தொழில் எதுவும் தொடங்குவதில்லை. அந்தி தோறும் விளக்கேற்றி, வனம் புகுந்த அரசகுமாரனின் கதையை வீடுவீடாகப் பாராயணம் செய்வார்கள். மழையின் ஓசைக்குள் இன்னொரு மழைபோல அந்தக் குரல்கள் தெருவெங்கும் கேட்டுக்கொண்டிருக்கும்.

எண்பத்தெட்டாம் ஆண்டில், எதையும் தொடங்கக் கூடாத அந்த மாதத்தில்தான், சாவித்ரி ஒரு திரைக்கதையைத் தொடங்க வேண்டியதாயிற்று.

அவள் கோட்டையகத்து அக்ரகாரத்தில் பிறந்து அங்கேயே தனித்து வாழ்பவள்; பெண்கள் பள்ளியில் மலையாள ஆசிரியை. அவள் எழுதி, பாறசாலைக்காரரான ஞானையன் இயக்கிய ‘வடக்கு ஜன்னல்’ என்ற மர்மத் தொடர் பதின்மூன்று வாரம் தொலைக்காட்சியில் வந்து, வெள்ளிக்கிழமை மாலைகளில் நகரத்துச் சாலைகளை வெறிச்சோட வைத்திருந்தது. நோயாளியான ஒரு வக்கீல் வடக்கு ஜன்னலருகே கட்டிலில் இறந்து கிடக்கிறார். அவருக்குப் பல்லாண்டுகள் பணிவிடை செய்த தங்கை மீது சந்தேகம் விழுகிறது. குடும்ப நண்பரான டாக்டரே மருந்தில் நஞ்சைக் கலந்தார் என்பதும், அது தெரியாமல்தான் தங்கை கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்பதும் கடைசி வாரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் வெளியாகின்றன.

அந்தப் பத்து நிமிடத்தைத் தம்பானூரில் ஞானையன் வீட்டில் அமர்ந்து சாவித்ரி பார்த்தாள். அதே வேளையில் கிழக்கேகோட்டையில் ஒரு மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்து, கோட்டைக்குள் தெருக்கள் முழுவதும் இருண்டுபோயின. அவள் வீடு திரும்புமுன் விளக்குகள் மீண்டும் எரிந்துவிட்டதால் அது அவளுக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது, சாலைக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சொரிமுத்து அண்ணாச்சி அத்தொடரைத் திரைப்படமாக்க முன்வந்து அவர்களை வீட்டுக்கு அழைத்தபோதுதான். அவளுடைய தெருவில் வண்ணத் தொலைக்காட்சி இருந்தது அவர் வீட்டில் மட்டுமே.

அண்ணாச்சியின் மனைவி ஆவுடைத்தாய் காப்பி கொண்டுவந்தாள். சாவித்ரி கோயிலிலிருந்து கொண்டுவந்த சந்தனமும் துளசியும் அடங்கிய இலையை நீட்டினாள்.

“அங்கன வையுங்க டீச்சர். பெறவு எடுத்துக்கிடுதேன்,” என்று சொல்லி ஆவுடைத்தாய் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சாவித்ரி இலையை மேசையில் வைத்தாள். அவள் அண்ணன் பத்மநாபன் இறந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அவள் கையிலிருந்து எதையும் நேராக வாங்கியதில்லை. வாதத்தில் படுத்த அண்ணனுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்தவள் அவள்தான். கடைசி மருந்தைக் கொடுத்தவளும் அவள்தான். அதற்கு மேல் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத பழிக்கு எப்படி மறுமொழி சொல்வது? அவள் அதைக் கதையாகச் சொன்னாள்.

“டீச்சரே, கடைசி வாரம் இந்த ஹால்லே நாப்பது பேரு இருந்தாவ, கேட்டியளா,” என்றார் சொரிமுத்து. “அந்தத் தங்கச்சி கப்பைக் கையிலே எடுத்து ஜன்னல் பக்கம் திரும்புதா. டப்புனு கரண்டு போச்சு. ஒருத்தரு எந்திரிக்கணுமே. இருட்டுலயே உக்காந்து பேசி முடிவு பண்ணுனோம், அவதான் கொன்னான்னு. அண்ணைக்கு எனக்கு உறக்கமே இல்ல. படம் எடுத்தா இதத்தான் எடுக்கணும்னு தோணிப்போச்சு.”

சாவித்ரி காப்பித் தம்ளரை மேசையில் வைத்தாள். “முடிவு அது இல்லை அண்ணாச்சி. விஷம் கலந்தது டாக்டர்.”

“தம்பானூர்க்காரங்களும் அதத்தான் சொல்லுதாவ. டாக்டரைப் போலீஸ் கொண்டுபோச்சாமே. கொண்டுபோனா ஆச்சா? அவங்களுக்குக் கதை பிடிகிட்டல, அவ்வளவுதான்.”

ஞானையன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அண்ணாச்சி, எழுதினவங்க சொல்லுதாங்க.”

“எழுதினவங்களுக்கு மறந்திருக்கும்வே. நாங்க பாத்தவங்க.”

“பாக்கலையே,” என்றாள் சாவித்ரி.

“பாக்காட்டி என்ன? அதுவரைக்கும் பாத்தோம்லா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சினிமாவிலே டாக்டர் கொல்லுதது நூறு படத்துல வந்தாச்சு. கூடப் பொறந்தவ கொன்னான்னா அது படம். கோட்டைக்குள்ள உள்ளவன் ‘நான் அப்பமே சொன்னேன்’னு பாப்பான். தம்பானூர்க்காரன் அதிந்துபோவான். கர்க்கடகம் கழிஞ்சு சிங்க மாசம் ஒண்ணாந்தேதி படத்துக்குப் பூஜை. அவ கொன்னதா எழுதித் தாங்க. இல்லைன்னா எனக்கு இந்தப் படம் வேண்டாம்.”

கதவருகே நின்ற ஆவுடைத்தாய் சாவித்ரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கினாள். அந்தப் பார்வையில் சாவித்ரிக்கு எல்லாம் விளங்கியது. தொடர் முடிந்த மறுநாள் குளக்கரையில் எதிர்வீட்டுக் கோமு மாமி யாரிடமோ, “பாவம், அவளே எழுதி ஒத்துண்டுட்டா,” என்று சொல்லி, இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தியது நினைவுக்கு வந்தது. மறுமொழியாக அவள் எழுதிய கதையில் மறுமொழி மட்டும் இருட்டில் போய்விட்டது. எஞ்சியதை இத்தெரு அவளுடைய வாக்குமூலமாக வைத்துக்கொண்டது.

வெளியே வந்ததும் ஞானையன் குடையை விரித்தார்.

“டீச்சரே, எனக்க முதல் படமாக்கும் இது. அண்ணாச்சியை விட்டா வேற ஆளு கிட்டாது. தங்கச்சியா நடிச்ச ரத்னாபாயைக் கேளுங்க. தம்பானூர்ல பஸ்ஸுல ஏறினா எந்திரிச்சு எடம் குடுக்கான். கிழக்கேகோட்டையில எறங்கினா பூக்காரி பூ குடுக்க மாட்டேங்கா. அவளே சிரிக்கா. கொன்னது ஆரா இருந்தா என்ன? கடலாசுல உள்ள பெண்ணுதானே.”

“கடுதாசிலே உள்ள பொண்ணு இல்லை, ஞானையா.”

அவர் நின்றார். மழை குடையின் விளிம்பிலிருந்து இருவருக்கும் நடுவே திரைபோல இறங்கிக்கொண்டிருந்தது. பத்மநாபனின் சாவுக்கு அவரும் வந்திருந்தவர். “மன்னிச்சிருங்க,” என்றார்.

“பூஜைக்கு முன்னாடி எழுதி முடிக்கறேன். விஷம் கலந்தவன் டாக்டர்தான். அண்ணாச்சி ஒத்துக்காட்டா படம் வேண்டாம். ஆனா, ஒத்துக்க வெக்கணும்.”

“எப்பிடி?”

“தெரியலை. எழுதினாத்தான் தெரியும்.”

பள்ளியிலிருந்து திரும்பிய ஒவ்வொரு மாலையும் அவள் எழுத அமர்ந்தாள். பதின்மூன்று வாரத்தை இரண்டரை மணிக்குள் அடக்குவது பெரிய பாடாக இல்லை. கிளைகளை வெட்டினாள், மரம் நின்றது. ஆனால் கொலையாளியை எங்கே மறைப்பது? நகரத்தில் பாதிப் பேருக்கு அவன் யாரென்று தெரியும். மீதிப் பேர் தெரியும் என்று சாதிக்கிறார்கள். எவ்வளவு திறமையாக மறைத்தாலும், திரை விலகும் கணத்தில் ஒரு பாதி கொட்டாவி விடும், மறுபாதி நம்பாது. எழுதிய தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக மடித்து ஒதுக்கினாள்.

மாதத்தின் நடுவில் ஒருநாள், எதிர்வீட்டில் கோமு மாமி பாராயணம் செய்வது கேட்டது. மூத்த மகன் மரவுரி உடுத்துத் தாயிடம் விடைபெறும் இடம். மாமியின் குரல் தடுமாறியது, நின்றது, மூக்கை உறிஞ்சும் ஒலி மழையையும் கடந்து கேட்டது. சென்ற ஆண்டும் மாமி அதே இடத்தில்தான் அழுதாள். அதற்கு முந்தைய ஆண்டும் அப்படியே. மகன் போவான் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வருவான் என்றும் தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வோர் ஆண்டும் அவனைப் போக வேண்டாம் என்று தடுப்பவள்போல அந்த வரியில் நின்றுவிடுகிறாள். தெரியாத கதைக்கு இப்படி யாராவது அழுவார்களா?

சாவித்ரி எழுந்து போய் முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்து, புதிய தாளில் எழுதினாள்: *காட்சி ஒன்று. டாக்டர் கோப்பையில் மருந்தைக் கலக்குகிறார். பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுக்கிறார். அறையில் வேறு யாரும் இல்லை.*

அதன் பிறகு அவள் பேனா தயங்கவில்லை.

கர்க்கடகம் முடியும் தறுவாயில் அண்ணாச்சியின் கடைக்குப் போனாள். குவிந்திருந்த அண்டாக்களுக்கு நடுவே அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்காத்துல வந்து வாசிக்கறேன் அண்ணாச்சி. சாயங்காலம், பாராயணம் முடிஞ்சப்புறம். அன்னிக்கு ஹால்லே இருந்தவா அத்தனை பேரும் இருக்கணும்.”

“முடிவைத் தெருவுக்குச் சொல்லிப்போட்டா தியேட்டருக்கு ஆரு வருவா டீச்சரே?”

“முடிவை மொதல் காட்சியிலேயே சொல்லப்போறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “படம் எடுக்கச் சொன்னா கடையைப் பூட்டச் சொல்லுதீங்களே. செரி, வாங்க. காப்பிச் செலவோட போவட்டும்.”

அன்று நண்பகலிலிருந்தே மின்சாரம் இல்லை. அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில், இருண்ட தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே நிலைவிளக்கு எரிந்தது. ஆவுடைத்தாய் அன்றைய பகுதியை முடித்துப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி மூடினாள். கோமு மாமியும் மற்றவர்களும் சுவரோரம் அமர்ந்திருந்தார்கள், தூணருகே ஞானையன். யாரும் சாவித்ரிக்கு அருகில் உட்காரவில்லை. அவள் விளக்கை வணங்கிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் காட்சியில் டாக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். கூடத்தில் ஒரு சலசலப்பு.

“அப்ப டாக்டர்தானா?” என்றது ஒரு குரல்.

“தம்பானூர்க்காரங்க சொன்னது மெய்தான் போல,” என்றது இன்னொன்று.

சொரிமுத்து ஞானையனின் காதருகே சாய்ந்தார். “தீந்துதுவே. இன்னி என்ன இருக்கு?”

சாவித்ரி நிமிரவில்லை. தங்கை அடுக்களையிலிருந்து வருகிறாள். கைகளை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள். டாக்டர் கோப்பையை நீட்டி, அண்ணனுக்கு நல்ல உறக்கம் வரும் என்கிறார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறாள். கூடம் நீளமானது, வடக்கு ஜன்னல் அதன் மறுகோடியில். அவள் நடக்கிறாள். நடுவில் ஒருமுறை நின்று, கோப்பையின் விளிம்பில் இருந்த எறும்பை விரலால் எடுத்து விடுகிறாள். அண்ணன் உறங்குகிறாரா என்று எட்டிப் பார்க்கிறாள். உறங்கினால் எழுப்ப வேண்டாம் என்று திரும்பிவிட எண்ணுகிறாள்.

“எழுப்ப வேண்டாம்,” என்று கோமு மாமி மெல்லச் சொன்னாள்.

ஆனால் அண்ணன் விழித்திருக்கிறார். வா என்று கண்ணால் அழைக்கிறார். அவள் கட்டிலருகே அமர்ந்து அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொள்கிறாள்.

“அடியே, அதைக் கீழே போட்டுடு,” என்றாள் மாமி. அவள் குரல் உடைந்திருந்தது. “யாராவது அவகிட்ட சொல்லப்படாதா?”

“ஆரு சொல்லுவா,” என்றாள் ஆவுடைத்தாய். “அந்த வீட்டுல அவளுக்கு ஆரு இருக்கா?”

சொரிமுத்து கைத்துண்டை இறுகப் பிடித்திருந்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கொலை நடந்தது, ஊர் கூடியது, ஒவ்வொருவராக அவள் கையிலிருந்து தண்ணீர் வாங்க மறுத்தார்கள். உண்மை தெரிந்தவர்கள் கூடத்தில் இருந்த இவர்கள் மட்டுமே. இவர்களால் அவளுக்கு எதுவும் சொல்ல முடியவில்லை. கடைசிக் காட்சியில் டாக்டரின் பொய் அவர் வாயாலேயே அவிழ்ந்து, தங்கை வடக்கு ஜன்னலைத் திறந்து வைத்தபோது, விளக்கில் எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. சாவித்ரி தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மழை ஓய்ந்திருந்தது.

முதலில் பேசியவர் சொரிமுத்து. “டாக்டரே இருக்கட்டும்,” என்றார். “ரத்னாபாயே நடிக்கட்டும். பூக்காரி கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா ரெண்டு பாட்டு வேணும் டீச்சரே, இப்பமே சொல்லிப்போட்டேன்.”

“ஒண்ணு,” என்றாள் சாவித்ரி.

“ஒண்ணரை,” என்றார் ஞானையன். அன்றைக்கு முதல்முறையாக அந்தக் கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஆவுடைத்தாய் எழுந்தாள். விளக்குக்கு எண்ணெய் வார்த்துத் திரியைத் தூண்டினாள். பாராயணப் புத்தகத்தின் அருகே துளசி நீர் நிறைந்த செம்பு இருந்தது. நாள்தோறும் வாசிப்பு முடிந்தபின் வீட்டுக்காரி தன் கையாலேயே எல்லோருக்கும் கொடுப்பது அது. அன்று அவள் அதை எடுத்துவந்து சாவித்ரியின் முன்னே வைத்தாள்.

“இண்ணைக்கு வாசிச்சது நீங்கதானே. தீர்த்தத்தை நீங்களே குடுங்க.”

சாவித்ரி அந்தச் செம்பைப் பார்த்தாள். பிறகு விளக்கின் முன் விழுந்து வணங்கி, எழுந்து, கரண்டியால் நீரை முகந்தாள். ஆவுடைத்தாய் இடக்கையை அடியில் தாங்கி வலக்கையைக் குழித்து நீட்டினாள். அவள் பின்னே கோமு மாமி நின்றாள். மாமியின் பின்னே தெரு நின்றது. நீர் ஒரு துளியும் சிந்தாமல் உள்ளங்கையில் இறங்கியது.

ஆவுடைத்தாய் அதைக் குடித்து, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டாள். பிறகு, கரண்டி பிடித்திருந்த அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் பற்றினாள்.

“நல்லா இரும்மா,” என்றாள். “இந்தக் கை வெளங்கட்டும்.”