தாய்மொழி: மேற்படி

ஒரகடத்தில், கார் கதவுக்குக் கைப்பிடி வார்க்கும் அந்தத் தொழிற்சாலையின் மூன்றாவது லைனில், காலை ஷிப்ட் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் தினமும் ஒரு கூத்து நடக்கும். அறுபத்து நான்கு பேர் தொப்பியும் கையுறையுமாக வரிசையில் நிற்பார்கள். சூப்பர்வைசர் கோதண்டம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிமேல் ஏறி நின்று பாதுகாப்பு விதிகளை இந்தியில் முழங்குவார். முடிவில் கையை உயர்த்தி, "சம்ஜா?" என்று கேட்பார். புரிந்ததா என்று அர்த்தம். அறுபத்து நான்கு தொண்டையும் சேர்ந்து, "சம்ஜா!" என்று கூரை அதிரக் கத்தும். கோதண்டத்துக்குப் புல்லரிக்கும். எட்டு வருஷமாகத் தினமும் புல்லரித்துக்கொண்டுதான் இருந்தது.

வடக்குப்பட்டு கோதண்டத்துக்கு இந்தி வந்த கதை சிறியது. பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு மும்பைக்கு ஓடி, ஒரு சலவைக்கடையில் இரண்டு வருஷம் இஸ்திரி போட்டார். கடை முதலாளி திருநெல்வேலி. கூட வேலை பார்த்த இரண்டு பேரும் விழுப்புரம். சட்டை கருகிப்போனபோதெல்லாம் வாடிக்கையாளர்கள் வந்து திட்டியதுதான் அவர் கற்ற இந்தி. ஆனால் மூன்றாவது லைனில் வேறு யாருக்கும் அந்த அளவுகூடத் தெரியாது. அதனால் 'இந்தி சார்' ஆனார். மொழிபெயர்ப்பாளர் என்று அடையாளம் காட்ட ஹெல்மெட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிளாண்ட் மேனேஜர் இராமச்சந்திரனே, வடக்கத்தி ஆட்களிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால், "கூப்பிடுங்க கோதண்டத்தை" என்பார். சுங்குவார்சத்திரம் டீக்கடையில்கூட வாடகைக்கு ரூம் கேட்டு வருகிறவனிடம் கோதண்டம்தான் பேச வேண்டும். மனுஷனுக்கு வாழ்க்கையில் வேறு பெருமை ஏதும் கிடையாது. இது ஒன்றுதான்.

பயிற்சிப் பதிவேடும் அவர் பொறுப்புதான். 'தொழிலாளியின் தாய்மொழி' என்று அதில் ஒரு கட்டம் உண்டு. முதல் பெயருக்கு நேரே 'இந்தி' என்று எழுதுவார். அதற்குக் கீழே அறுபத்து மூன்று தடவை 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'. ரேஷன் கடைப் பதிவேட்டில் பார்த்துப் பிடித்துப்போன வார்த்தை அது. ஒரு தடவைகூட யாரிடமும் அவர் கேட்டதில்லை.

கேட்டது ஹெச்.ஆரில் இருந்த சுவாதி. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள், யார் எந்த ஊர், என்ன மொழி என்று பட்டியல் கேட்டார்கள் என்பதற்காக, போன மாதம் லைனில் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தாள். பட்டியலைக் கொண்டுவந்து கோதண்டத்தின் மேஜையில் வைத்தாள்.

"சார், உங்க லைன்ல இந்தி தாய்மொழின்னு ஒரே ஒருத்தர்தான். பாக்கி எல்லாம் வேற வேற. இவங்க எட்டுப் பேரு ஜார்க்கண்டு, கும்லா பக்கம். குடுக் பேசறாங்க. சாய்பாசாவுல இருந்து வந்தவங்க ஹோ. கந்தமால்காரங்க குயி. அசாம்ல தேமாஜி பையனுங்க மிசிங்னு ஒண்ணு பேசறாங்க. எஸ்தரும் அவ கூட இருக்கிற நாலு பொண்ணுங்களும் ஒடிசா, கஜபதி மாவட்டம். அவங்களுது சோரா."

"ஹோவா? ஹோன்னு ஒரு பாசையா? யாரோ உன்ன வெச்சி காமெடி பண்ணிருக்கான் மேடம்."

"லட்சக்கணக்குல பேசறாங்க சார். அது மட்டும் இல்ல, இந்தக் குடுக்கும் குயியும் நம்ம தமிழ்க் குடும்பமாம். கண்ணுக்கு அவங்க சொல்றதும் கிட்டத்தட்ட கண்ணுதான். நம்ம பங்காளிங்க."

"பங்காளின்னா கல்யாணப் பத்திரிகை வெக்கச் சொல்லு" என்று கோதண்டம் பட்டியலை டிபன் பாக்ஸுக்கு அடியில் தள்ளினார். "எல்லாத்துக்கும் இந்தி புரியும். தினம் சம்ஜா சொல்றாங்களே, காதுல வுழல?"

சுவாதி அடுத்த லைனுக்குப் போய்விட்டாள். இந்தி தாய்மொழிக்காரன் அந்த ஒருத்தனோ, கோதண்டம் காலையில் பேசுவது தமிழ் என்று நினைத்து இரண்டு வருஷமாக மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு எஸ்தர் கமாங்கோவின் மெஷினில் ஒரு கைப்பிடி சிக்கிக்கொண்டது. சிக்கினால் முதலில் சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும், அப்புறம்தான் கதவைத் திறந்து கை விட வேண்டும். இது விதி. எஸ்தர் பட்டனை அமுக்கவில்லை. கதவைத் திறந்து கையை விட்டாள். அச்சு படாரென்று மூடியது. கையுறையின் நுனி உள்ளே போய்விட்டது. விரல்கள் ஐந்தும் வெளியே வந்துவிட்டன, அது அவள் செய்த புண்ணியம்.

விதியை மீறினால் அன்றைக்கே வேலையிலிருந்து அனுப்பிவிடுவது அந்தக் கம்பெனியின் வழக்கம். பத்து மணிக்கு விசாரணை. மேனேஜர் அறையில் இராமச்சந்திரன், சுவாதி, எதிரே நெட்டுக்குத்தாக எஸ்தர். நடுவில் மொழிபெயர்ப்பாளராக, பச்சை ஸ்டிக்கர் மின்ன, கோதண்டம்.

"என்ன நடந்ததுன்னு கேளுங்க" என்றார் இராமச்சந்திரன்.

கோதண்டம் இந்தியில் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்ட எஸ்தர் பேச ஆரம்பித்தாள். மூச்சு விடாமல் பேசினாள். கையால் கதவைத் திறந்து காட்டினாள், மூடிக் காட்டினாள், மூன்று விரல் நீட்டினாள். கடைசியில் அதே விரலைக் கோதண்டத்தின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

கோதண்டத்துக்கு ஓர் எழுத்து புரியவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிக்கோங்கன்றா சார்."

"இவ்வளவு நேரம் பேசினது அது மட்டும்தானா?"

"சுத்தி வளச்சி சொல்றா சார். அவங்க ஊரு வழக்கம்."

சுவாதி பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"விதி தெரியுமான்னு கேளுங்க. தெரிஞ்சே பண்ணியிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. சாயங்காலம் ரயில் ஏத்திட வேண்டியதுதான்."

கோதண்டம் கேட்டார். வாக்கியம் முடிந்த மாத்திரத்தில் எஸ்தர் முதுகை நிமிர்த்தி, கையை உடம்போடு ஒட்டி, "சம்ஜா!" என்று கத்தினாள். மேஜைமேல் இருந்த டீ டம்ளர் அதிர்ந்தது.

"தெரியும்னு அவங்களே சொல்லிட்டாங்க. எழுதுங்க சுவாதி" என்றார் இராமச்சந்திரன்.

அந்தச் சத்தம் கோதண்டத்துக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். பெட்டிமேல் நின்று எட்டு வருஷமாகக் கேட்டு மகிழ்ந்த சத்தம். இந்தப் பெண் புரிந்து சொல்லவில்லை. அவர் வாயை மூடியதும் கத்த வேண்டும் என்று மட்டும் பழகியிருக்கிறாள். சரி, அதனால் என்ன? வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவள் சாயங்காலம் ரயில் ஏறிவிடுவாள், ஸ்டிக்கர் ஹெல்மெட்டிலேயே இருக்கும். ஒரு நாய்க்கும் தெரியப்போவதில்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

சுவாதி எழுதி முடித்த தாளை எஸ்தர் பக்கம் தள்ளினாள். எஸ்தர் தாளைப் பார்க்கவில்லை, கோதண்டத்தைப் பார்த்தாள். ஊரெல்லாம் இந்த ஆளைத்தான் நம்பச் சொல்கிறது, இவர் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. கையுறை கிழிந்த விரல்களால் பேனாவை எடுத்தாள்.

"ஒரு நிமிசம் சார்" என்றார் கோதண்டம். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. எஸ்தரிடம் திரும்பி இந்தியில் ஏதோ கேட்டார்.

"சம்ஜா!" என்றாள் எஸ்தர்.

"என்ன கேட்டீங்க?"

"என் தலையில கொம்பு கீதான்னு கேட்டேன் சார்."

கோதண்டம் இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் முதுகு நிமிர்ந்தது, அதற்கும் "சம்ஜா!"

"இப்ப?"

"நீ செம்பரம்பாக்கம் ஏரிய குடிச்சிட்டியான்னு கேட்டேன்." கோதண்டம் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவளுக்கு இந்தி தெரியாது சார். எனக்கு அவ பாசை தெரியாது. மன்னிப்பு கேட்டான்னு சொன்னது நானா வுட்ட பீலா. எட்டு வருசமா அந்தப் பொட்டி மேல நான் தனியாத்தான் பேசிக்கினு இருந்திருக்கேன்."

இந்த ஆளை நம்பி எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தவர் மாதிரி இராமச்சந்திரனுக்கு முகம் வெளுத்திருந்தது.

சுவாதி எழுந்து கேன்டீனுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவளுடன் ஹேமந்த் வந்தான். கேன்டீனில் வெங்காயம் நறுக்குகிறவன், கண் இரண்டும் சிவந்திருந்தது. அவனும் கஜபதிக்காரன்தான், வீட்டில் பேசுவது சோரா. இங்கே வந்த நாலு வருஷத்தில் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். கேன்டீனிலும் பட்டியல் எடுத்தபோது சுவாதி கண்டுபிடித்தது இது. கோதண்டத்துக்கு அவன் முகம்கூடச் சரியாகத் தெரியாது, அவன் போடும் பொரியல்தான் தெரியும்.

எஸ்தர் மறுபடி சொன்னாள். ஹேமந்த் வரி வரியாகத் தமிழில் சொன்னான்.

"கதவு தொறந்தா மெஷினு தானா நிக்கணும். மூணு நாளா நிக்கல, ஸ்விச்சு கெட்டுப்போச்சு. மூணு வாட்டி இந்த சாருகிட்ட வந்து சொன்னேன்னு சொல்றா. சாரு, ஹாங் ஹாங், ஜல்தி ஜல்தின்னாரு, சரி சரி, சீக்கிரம்னு. அதனால சரி பண்ணிட்டாங்க போலன்னு நெனச்சி கை வுட்டாளாம். செவப்பு பட்டன் பத்தி யாரும் சொல்லல."

எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள்.

"வந்து சொன்னா சார்" என்றார் கோதண்டம். "மூணு வாட்டியும் வந்தா. இன்னா சொன்னான்னுதான் எனக்குத் தெரியல. கேக்கவும் இல்ல." அந்தப் பெண்ணின் கையைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

இராமச்சந்திரன் அந்தத் தாளைக் கிழித்தார். மெஷின் நிறுத்தப்பட்டது. கோதண்டத்துக்கு மெமோ கொடுத்தார்கள், ஹெல்மெட்டிலிருந்து ஸ்டிக்கரையும் உரித்தார்கள். வேலை மட்டும் போகவில்லை. "உண்மையைச் சொன்னதுக்காக இல்ல கோதண்டம், உங்களுக்குப் பதிலா ஆள் கிடைக்கல" என்று இராமச்சந்திரன் சொல்லித்தான் விட்டார்.

மறுநாள் காலை பெட்டி காலியாகக் கிடந்தது. லைன் ஒரே வரிசையாக நிற்காமல் திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்றது. குடுக் பேசுகிறவர்கள் தூணுக்குப் பக்கத்தில், ஹோ பேசுகிறவர்கள் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், தேமாஜிப் பையன்கள் வாசலில். ஒவ்வொரு கூட்டத்திலும் விஷயம் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்குச் சொன்னார். சந்தைக்கடை மாதிரி இரைச்சல். கோதண்டம் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். சோரா, கஜபதி. குயி, கந்தமால். 'மேற்படி' என்று எழுத இரண்டு தடவை கை போனது. அடித்துத் திருத்தினார்.

சோராக்காரப் பெண்களின் கூட்டத்துக்கு, முந்தின நாள் ஹேமந்திடம் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட எஸ்தர்தான் வாத்தியார். சிவப்புப் பட்டனைத் தட்டிக் காட்டி, கதவைக் காட்டி, கிழிந்த கையுறையைத் தூக்கிக் காட்டி விளக்கினாள். முடித்ததும் நாலு பெண்களையும் தனித்தனியாகச் செய்துகாட்டச் சொன்னாள். ஒருத்தி தவறாகச் செய்ததும் மறுபடி செய்யவைத்தாள். கோதண்டத்துக்கு எட்டு வருஷத்தில் ஒரு நாளும் தோன்றாத யோசனை அது.

பிறகு எஸ்தர் அவர் பக்கம் திரும்பினாள். மெஷினைக் காட்டி, அவரைக் காட்டி, நிறுத்தி நிதானமாக நீளமாக ஏதோ சொன்னாள். பெண்கள் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரை ஏதோ கேட்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. பதிலுக்காகக் காத்து நின்றாள். லைனே திரும்பிப் பார்த்தது.

கோதண்டம் முதுகை நிமிர்த்தி, கையை உடம்போடு ஒட்டி, "சம்ஜா!" என்று கத்தினார்.

எஸ்தர் தலையை ஆட்டினாள். நம்பவில்லை. அவர் கையைப் பிடித்துச் சிவப்புப் பட்டன்மேல் வைத்து, செய்து காட்டு என்று சைகை செய்தாள்.