முதலாளி கேட்ட நீர்

எங்கள் வீட்டு முதலாளிக்கு இரண்டு வயது மூன்று மாதம். பிறந்த அன்றே நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டான். யார் எப்போது எழுந்திருக்க வேண்டும், யார் எந்த நாற்காலியில் உட்காரக் கூடாது, எந்தச் செருப்பு எந்தப் பாத்திரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் முடிவு. விடுப்பு என்ற சொல் மட்டும் அவன் காதில் விழாது. ஆகவே நானும் என் கணவரும் அவனை முதலாளி என்றே கூப்பிட்டோம்.

எனக்கு இன்னொரு முதலாளியும் இருந்தார். பல் செட் செய்யும் லேப் ஒன்றின் சொந்தக்காரர். அங்கே மெழுகில் ஈறு செதுக்குவது என் வேலை. முன்பின் பார்த்திராத ஒருவருடைய வாய், வெள்ளை அச்சாக என் மேசைக்கு வரும். அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகை வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, ஒரு சிரிப்பை முடித்து அனுப்புவேன். அலமாரியில் முகமில்லாத சிரிப்புகள் வரிசையாகக் காத்திருக்கும். இந்த இரண்டேகால் வருடமும் என் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அவளும் தற்காலிகமாக என் கத்தியைத் தீட்டி, தற்காலிகமாக என் இழுப்பறையில் தன் குடையை வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை வர்றியாம்மா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார் லேப்காரர் போனில். "அந்தப் பொண்ணு நிரந்தரம் பண்ணுவீங்களான்னு கேட்டுட்டே இருக்கு."

"கண்டிப்பா வர்றேன் சார்."

"போன மாசமும் கண்டிப்பாதான் சொன்ன."

அடுத்த தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. தவழும் குழந்தைகளின் அறை நிரம்பிவிட்டது. நடக்கும் குழந்தைகளின் அறையில் ஒரே ஒரு இடம். அங்கே டயபர் கூடாது. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் சோதனை. தேறினால் திங்கட்கிழமை சேர்த்துக்கொள்வார்கள். தேறாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த குழந்தை, என் மேசையில் அந்தக் குடை.

"ரூல் ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் காப்பகத்தை நடத்தும் மேடம். அவர் கையில் நீள நோட்டு ஒன்று எப்போதும் விரிந்தே இருக்கும். "குழந்தை தானா கேக்கணும். நாங்க ஞாபகப்படுத்தி அவன் போனா அது செல்லாது."

நான் தைரியமாகத் தலையாட்டினேன். ஏனென்றால் வீட்டில் அவன் தானாகவே கேட்பான். அந்தப் பெருமை முழுக்க என் கணவரைச் சேரும். அதைச் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று இந்தக் கதையை எழுதுகிறேன்.

அவர் பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்துபவர். கடைப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் அந்தக் கடையில் வாழைப்பழம்கூட வாங்க மாட்டார். திருமணத்துக்கு முன் நான் எழுதிய மூன்று கடிதங்களையும் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார், திருத்தங்களோடு. இப்படிப்பட்டவர் ஒருநாள் இணையத்தில் 'சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு நாற்பது குறிப்புகள்' என்று ஒரு பக்கத்தைப் படித்துவிட்டார். பொத்தான் வைத்த கால்சட்டை வேண்டாம், எலாஸ்டிக் போதும். வெளியே போனால் மாற்றுத்துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அழும் குழந்தையிடம் நீண்ட விளக்கம் கொடுக்காதீர்கள் என்று அதில் உருப்படியானவை நிறைய இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டிப்போய்ப் பதினேழாவது குறிப்பில் அவர் விழுந்தார். 'குழந்தையிடம் மழலையில் பேசாதீர்கள். சரியான சொற்களையே பயன்படுத்துங்கள்.'

அன்றிலிருந்து வீட்டில் மம்மு உணவானது. டாட்டா உலாவானது. உவ்வா காயமானது. மூச்சாவின் முறை வந்தபோது நான் குறுக்கே விழுந்தேன்.

"சிறுநீர்" என்றார் அவர்.

"ரெண்டு வயசுங்க அவனுக்கு!"

"அதனாலதான் சொல்றேன். தப்பா கத்துக்கிட்டு அப்புறம் திருத்தறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பதினோரு வருஷமா அதத்தான் பண்ணிட்டு இருக்கேன்."

"பாட்டில்ல ஊத்தி லேபிள் ஒட்டற மாதிரி இருக்கு. லேப்ல டெஸ்டுக்குக் குடுக்கவா போறோம்?"

"உங்க லேப்ல பல்லுதானே பாப்பீங்க?" என்று என்னையும் திருத்தினார்.

முதலாளியின் வாய்க்குச் 'சிறு' அடங்கவில்லை. முன்பாதியை உதறிவிட்டுப் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டான். கால்சட்டையின் எலாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, ஏதோ நாட்டு மன்னன் ஆணையிடுவதுபோல், "நீர்!" என்பான். நாங்கள் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவோம். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றால் "குவளை" என்பான். ஒரு குழப்பமும் இல்லை. இரண்டு மாதமாக ஒரு துணி நனையவில்லை. என் கணவர் பதினேழாவது குறிப்பை அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தார்.

இந்த இடத்திலேயே உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நீங்கள் நேற்று ஒழுங்காகத் தூங்கியிருப்பீர்கள். நமக்குள் அவ்வளவுதான் வித்தியாசம்.

புதன்கிழமை மாலை அவனை அழைத்துவரப் போனேன். முதலாளி ஏதோ ஒரு சிறுமியின் பூப்போட்ட கவுனில் கம்பீரமாக வந்தான். கூடவே, நடக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கனமான ஒரு பையோடு வந்தார். உள்ளே நான்கு ஈரக் கால்சட்டைகள்.

"பையன் தங்கமான பையன். ஆனா தண்ணி இருக்கே, அடேங்கப்பா! வாயத் தொறந்தாலே தண்ணிதான்."

"வீட்ல அவ்வளவு குடிக்க மாட்டானேக்கா."

"உங்களுக்குக் குடுக்கத் தெரியலம்மா. இங்க எப்படிக் குடிக்கறான் தெரியுமா?" என்றார் அக்கா. ஒவ்வொரு காப்பகத்திலும் பெற்றோரைவிட நன்றாக வளர்ப்பவர் ஒருவர் இருப்பார்.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் எலாஸ்டிக்கைப் பிடித்தான். "நீர்!" போனான், வந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"புது இடம். பதற்றம்" என்றார் என் கணவர். "'பதட்டம்'னு எழுதறாங்க பாரு, அது தப்பு."

நான் கால்சட்டைகளை அலசினேன்.

வியாழக்கிழமை பையில் ஆறு இருந்தன. மேடம் நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "நேத்து நாலு, இன்னிக்கு ஆறு. நாளைக்கும் இப்படின்னா அடுத்த குழந்தைய வரச் சொல்லிடுவேன். அவங்க அம்மாவும் வேலைக்குப் போகணும் பாருங்க."

வாசல்வரை வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவ்வளவு குடிச்சு இவ்வளவு போறான். எதுக்கும் ஒருதடவ சுகர் பாத்துடுங்க."

அதுவரை எனக்கு வேலை போய்விடுமே என்றுதான் பயம். அந்த வார்த்தைக்குப் பிறகு, நடந்துவந்த தெரு எனக்கு ஞாபகமில்லை. முதலாளி என் தோளில் சாய்ந்தபடி, போகிற வருகிற நாய்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தான். அவன் எடை எவ்வளவு என்று முதல்முறையாக உணர்ந்ததுபோல் இருந்தது.

நேராகக் குழந்தை மருத்துவரிடம் போனோம். என் கணவர் அச்சகத்திலிருந்து காதில் சிவப்புப் பேனாவோடு ஓடிவந்தார். மருத்துவர் விரல் நுனியில் ஒரு குத்து குத்தினார். முதலாளி விரலைப் பார்த்தான், மருத்துவரைப் பார்த்தான், "காயம்!" என்று குற்றம்சாட்டினான்.

"யாரு சொல்லிக்குடுத்தது?" என்றார் மருத்துவர் அசந்துபோய்.

"நான்தாங்க" என்றார் என் கணவர். அந்த நிலைமையிலும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம்.

சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீட்ல நனைக்கல. அங்க மட்டும் நனைக்கறான். அப்ப டெஸ்ட் பண்ண வேண்டியது பையன இல்ல, அந்த இடத்த. நாளைக்கு ஒளிஞ்சு நின்னு பாருங்க."

வெள்ளிக்கிழமை காலை அவனை உள்ளே விட்டுவிட்டு டாட்டா காட்டினேன். மன்னிக்கவும், விடைபெற்றேன். பிறகு செருப்பு அலமாரியின் பக்கத்தில் குனிந்து, கதவிலிருந்த வட்டக் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்தேன்.

பத்தாவது நிமிடம் முதலாளி கட்டைகளை விட்டு எழுந்தான். எலாஸ்டிக்கைப் பிடித்தான். அக்காவின் முன் போய் நின்றான்.

"நீர்!"

"வந்துட்டாருய்யா!" என்றார் அக்கா. பக்கத்திலிருந்த மேடத்திடம், "கேட்டீங்களா மேடம்? தண்ணின்னு சொல்ல மாட்டான். நீர்ங்கறான்! படிச்சவங்க வீட்டுப் புள்ள" என்றபடி ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

முதலாளி டம்ளரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஓடியதை நான் என்றும் மறக்க மாட்டேன். விண்ணப்பம் ஒன்று கொடுத்து, வேறு அலுவலகத்தின் ரசீதைப் பெற்றுக்கொண்ட மனிதனின் முகம். ஆனாலும் மரியாதை தெரிந்த பிள்ளை. குடித்தான்.

"நீர்!" என்றான் மறுபடி, இரண்டு காலையும் பின்னிக்கொண்டு.

"இன்னும் வேணுமா என் ராசாவுக்கு?"

இரண்டாவது டம்ளர். முதலாளி குதித்தான். "நீர்! நீர்!" அக்கா கூஜாவையே தூக்கினார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். "அக்கா! மூச்சா! மூச்சா! மூச்சா!"

அறையில் மொத்தம் பன்னிரண்டு குழந்தைகள். என் மகனைத் தவிர மீதிப் பதினோரு பேரும் தமிழ் நன்றாக அறிந்தவர்கள். ஒருவர் போகவில்லை என்றால் ஒருவருக்கும் வராது, ஒருவருக்கு என்றால் எல்லோருக்கும் வரும் என்பது அந்த வயதின் சட்டம். கட்டைகள் சிதற, பதினோரு பேரும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக் கதவில் மோதினார்கள். மேடம் நோட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். அந்த அமளியின் நடுவே முதலாளி மட்டும் அசையாமல் நின்று, அண்ணாந்து என்னைப் பார்த்து, என் காலில் போனான்.

தரையைத் துடைத்து முடித்தபின் மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அச்சகம், பதினேழாவது குறிப்பு, சிறு, நீர்.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, மூணு நாளா அவன் அதையா கேட்டான்? நான் பாவி, கூஜா கூஜாவா ஊத்தினேனே!"

"ரூல்படி நனைச்சா கணக்குதாம்மா" என்றார் மேடம், ஆனால் பேனா நோட்டைத் தொடவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்? குழந்தை தானா கேக்கணும்னீங்க. கேட்டான். ஒவ்வொரு தடவையும் கேட்டான். கேக்கறது உங்களுக்குப் புரியணும்னு ரூல்ல இல்லையே."

மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா, "நெஜமாவே கேட்டான் மேடம், தெளிவா கேட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, திங்கக்கிழமை வரட்டும்" என்றார் மேடம். "ஆனா இங்க மூச்சான்னா மூச்சா. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. சொல்லிக்குடுக்க ரெண்டு நாள் இருக்கு."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "மூச்சுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? இது எந்த அகராதியிலும் இருக்காது" என்றார்.

"என் வேலையும் எந்த அகராதியிலும் இருக்காதுங்க, திங்கக்கிழமைக்கு அப்புறம்."

சனிக்கிழமை காலை அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகனின் கண்ணை நேராகப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிழையைச் சொல்லிக்கொடுத்தார். "மூச்சா. சொல்லுடா கண்ணா. மூ... ச்சா." 'ச்' மட்டும் விடாமல் அழுத்தமாக வந்தது.

இரண்டு நாளும் அவர் சளைக்கவில்லை. முதலாளி எப்போதெல்லாம் "நீர்" என்றானோ, அப்போதெல்லாம், "நீர் இல்லடா, மூச்சா" என்று திருத்தினார். கழிப்பறையில் நிறுத்தினால் பல தடவை ஒன்றும் வராது; பாடம் படித்த களைப்பு என்று ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அவன் "மூச்சா" என்று மணிமணியாகச் சொன்னான். என் கணவர் பதினேழாவது குறிப்பைக் கிழித்துப் போட்டார். நான் கால்சட்டைகளை எல்லாம் அடுக்கி வைத்தேன்.

திங்கட்கிழமை என் இழுப்பறையில் குடை இல்லை. கத்தி கூராகவே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். முதல் அச்சை எடுத்து, கீழ் வரிசையில் மூன்றாவது பல்லை நட்டபோது போன் வந்தது. லேப்காரர் கண்ணாடிக்கு மேலே ஒருமுறை பார்த்தார். நான் கையில் மெழுகோடு சுவரோரம் ஒதுங்கினேன்.

அக்காதான். பின்னால் முதலாளியின் அழுகை தெளிவாகக் கேட்டது.

"டிரவுசர் காஞ்சுதாம்மா இருக்கு, பயப்படாதீங்க. ஆனா மூச்சா மூச்சான்னு அழறான். மூணு தடவ கூட்டிட்டுப் போய் நிக்க வெச்சேன். ஒண்ணும் வரல. உதடெல்லாம் காஞ்சு போயிருக்கு புள்ளைக்கு."

மூன்று நாள் இந்த அக்காவிடம் நீர் கேட்டு, குடிக்கத் தண்ணீர் வாங்கியவன் அவன்; குவளை என்ற சொல்லையே விட்டுவிட்டான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் தாகத்தில்தான் நீர் கேட்டிருக்கிறான். அப்பா ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்தியிருக்கிறார்.

"அக்கா" என்றேன். "தண்ணி குடுங்க."