கஞ்சியில் கலந்த மருந்து

நாயின் வாயிலிருந்து வழிந்த நுரை தேவிப்ரியாவின் முழங்கை வரை நனைத்தது. அவள் லட்சியம் செய்யவில்லை. கோணியோடு அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு சந்திலிருந்து தெருவுக்குள் பாய்ந்தாள்.

பாய்ந்தவள் சட்டென்று நின்றாள்.

தெரு நீளத்துக்கும் பாவு. பட்டு இழைகளை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவிட்டிருந்தார்கள். பாவு விரித்திருந்தால் குறுக்கே ஆளும் போகக்கூடாது, வண்டியும் போகக்கூடாது. சேவூரில் அது எழுதாத சட்டம். அந்தப் பக்கம் அவள் கூப்பிட்ட ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் தூக்கிப் புடிங்க. கீழ பூந்து போயிடறேன்."

பாவுக்காரர் தனசேகரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "போன வாரம் கஞ்சி நக்க வந்து எம் பாவை அறுத்துச்சே, அதானே இது? சாவட்டும் வுடு."

"மிச்சக் கஞ்சியைத் தெருவுல கொட்டாதீங்கன்னு ஆறு வருஷமா சொல்லிகினு இருக்கேன். கொட்டினா வராம இன்னா பண்ணும்?"

"ஆறு வருஷமா நீ இன்னாத்த கிழிச்ச? நகராட்சிக்கு மனு மேல மனு. கருத்தடை வண்டி ஒரே ஒரு தபா வந்துச்சி. நாலு நாயைப் புடிச்சிகினு போச்சி. திரும்பி எட்டா வந்துச்சி!"

தெருவே சிரித்தது.

"உங்க வூட்டுத் தறியில ஓடுற பட்டுக்கு எத்தினி புழுவை வெந்நீர்ல போட்டாங்க? அதுக்கு அழுதியாடி?" என்றாள் வாசற்படியில் நின்ற லாவண்யா.

தேவிப்ரியா தன்னைத் தானே பலமுறை கேட்டுக்கொண்ட கேள்விதான்.

"கஞ்சியில விஷம் வச்சது யாருன்னு சொல்லு, வழி வுடறேன்." தனசேகரன் கண்ணடித்தார். "நானா? சொல்லேன் பாக்கலாம்."

நாய்க்கு வெட்டி வெட்டி இழுத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்னியம்மாள் வந்தாள். தேவிப்ரியாவின் அம்மா, மகளுக்காக இதுவரை ஊரில் ஒரு வார்த்தை பேசாதவள். யாரையும் கேட்காமல் இரண்டு கையாலும் பாவைத் தூக்கினாள்.

"ஏய், இழை போயிடும்!" தனசேகரன் அலறினார்.

"போனா நான் பிணைச்சித் தரேன்யா!"

மகள் குனிந்து நுழையும்போது அவள் காதோரம் அம்மா என்னவோ முணுமுணுத்தாள். தேவிப்ரியா ஒரு விநாடி உறைந்தாள். பிறகு ஓடினாள்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் சிவப்பிரகாசம் கையுறையை மாட்டிக்கொண்டே சலித்துக்கொண்டார். "மறுபடியும் நீயா? இந்த ஊர் மாறாதும்மா. எதுக்கு இந்தப் பேஜாரு?"

"திங்கக்கிழமை மறுபடி மனு குடுக்கப் போறேன் சார். மொதல்ல இதைப் பாருங்க."

"எலி மருந்தா, பூச்சி மருந்தா? ஊசி மாத்திப் போட்டா பொழைக்காது."

"நெல்லுக்கு அடிக்கிற பூச்சி மருந்து."

"நிச்சயமா? யார் சொன்னா?"

உதறிய கால்களை அவள் அழுத்திப் பிடித்தாள்.

"கலந்தவங்களே சொன்னாங்க சார். நாயெல்லாம் ஒழிஞ்சா நான் வூட்டோட இருப்பேன்னு கலந்தாங்களாம். ஜல்தி ஊசி போடுங்க... எங்க அம்மாதான்."