கடைசி பெஞ்சின் பின்னூட்டம்

அறிவியல் டீச்சருக்கு வலைப்பூ ஆரம்பித்துக் கொடுத்தவர் பள்ளி நூலகர். ஓய்வறையில் டீச்சர் பேசுகிற பேச்சைப் பத்து வருடமாகக் கேட்டுக் காது புளித்துப்போனவர் அவர். "இதையெல்லாம் எழுதுங்க டீச்சர், உலகம் படிக்கட்டும்" என்றார். தன் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்பதுதான் அவர் நினைப்பு. டீச்சருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் நாள் நூலகக் கணினியின் முன் உட்கார்ந்து, "ஓரத்துல மார்ஜின் எவ்வளவு விடணும்?" என்று கேட்டார். "அது தானா விட்டுக்கும்" என்றார் நூலகர். டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, கல்வி, பிள்ளை வளர்ப்பு, இறைநம்பிக்கை என்று ஒரே வாரத்தில் மூன்று பதிவு போட்டுவிட்டார். படித்தவர்கள் கீழே பின்னூட்டம் எழுதினார்கள். இங்கேதான் டீச்சர் உலகத்தில் யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் மதிப்பெண் போட்டார். "அருமை" என்று மட்டும் எழுதியவருக்குப் பத்துக்கு இரண்டு. "எது அருமை, ஏன் அருமை என்று விளக்குக" என்று குறிப்பு வேறு. நூலகர் தலையில் அடித்துக்கொண்டார். இருபத்தாறு வருடம் சிவப்புப் பேனா பிடித்த கை சும்மா இருக்குமா?

நான்காவது பதிவுதான் வினையாகிப்போனது.

டீச்சரின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வுத்தாள் திருத்தியதும், மோசமான விடை ஒன்றைப் பெயர் சொல்லாமல் உரக்க வாசிப்பார். அதிலுள்ள தவறுகளை வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும். இந்த வருடம் அவருடைய மகளும் அதே வகுப்பில் இருந்தாள். போன மாதத் தேர்வில் அவள் விடைதான் வாசிக்கத் தோதாக அமைந்தது. சொந்த மகள் என்று ஒதுக்கினால் ஓரவஞ்சனை ஆகாதா? வாசித்தார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மகள் தலைப்புகளைப் பச்சை மையில் எழுதுகிறவள். முன் பெஞ்சு அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டது. வகுப்பு முழுவதும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்துச் சிரித்தது.

அன்றோடு மகளின் பேச்சு "ம்", "சரி" இரண்டில் நின்றது. அப்பாவுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர்தான். பதினைந்து நாளுக்கு மேல் ஓடிவிட்டது. இந்தப் பிள்ளை இனி நம்மிடம் வாய் திறந்து பேசவே மாட்டாளோ என்று டீச்சர் பயந்தார். தினமும் காலையில் ஜன்னலோரம் கண்மூடி நின்று, வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்வார். கடைசியில், "என் பொண்ணுக்கு நல்ல புத்தியைக் கொடு" என்று முடிப்பார்.

பயத்தை ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் அந்தச் சம்பவத்தையே 'நடுநிலை' என்று தலைப்பிட்டுப் பெருமையாகப் பதிவு போட்டார். அதற்குப் பிறகு மகள் மனஉறுதி பெற்று, அமைதியாகப் படிக்கிறாள் என்றும் கூசாமல் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் 'கடைசி பெஞ்சு' என்ற பெயரில் பின்னூட்டம் வந்தது. "உங்கள் மகளுக்கு வந்தது உறுதியாக இருக்காது, அவமானமாக இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் அமைதியாகத்தான் தெரியும்."

டீச்சருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. ஊரில் எத்தனையோ கடைசி பெஞ்சு இருக்கிறது. அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பத்துக்கு ஐந்து போட்டார். "நடை நன்று. ஆதாரம் இல்லை. அந்தப் பெண்ணின் மனநிலை உங்களுக்கு எப்படித் தெரியும்? சான்றுடன் மீண்டும் எழுதுக."

அடுத்த நாள் மாலை, பள்ளியிலிருந்து வந்து சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தார். மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கேட்ட சான்று வந்திருந்தது.

"அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. மணி அடிக்கும்வரை கழிப்பறையில் நின்றாள். டப்பா அப்படியே வீட்டுக்கு வந்ததும், ஏன் என்று கேட்டீர்கள். வயிற்றுவலி என்றாள். மாத்திரை கொடுத்தீர்கள். வலியே இல்லாமல் அதை விழுங்கினாள். மாத்திரை விஷயம் உங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரையை எடுத்து, தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தது இந்தக் கைதான். பதிவை அழித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிடலாமா என்று முதலில் தோன்றியது. பிறகு, நாளைக்கு வகுப்பில் தன் பதிவையே தவறான விடையாக வாசித்துவிடலாம் என்று யோசித்தார். அந்த யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அரை நிமிடம். அப்போதும் வகுப்பு திரும்பிப் பார்க்கப்போவது கடைசி வரிசையைத்தானே?

கண்ணை மூடினார். இத்தனை நாளும் மகளைப் பற்றிக் கடவுளிடம் புகார்தான் வாசித்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெற்றோர் கூட்டத்தில் மற்ற தாய்மார்களிடம் வாசிக்கிற அதே குரலில். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார் மெதுவாக. விடை தெரியாது என்று அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

எழுந்துபோய்க் கதவைத் தட்டினார். "உள்ள வரட்டுமா?"

"ம்."

மகள் கட்டிலில் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நின்றபடியே பேசினார். "நான் எவ்வளவு நியாயமானவள்னு நாலு பேருக்குக் காட்டத்தான் உன் பேப்பரை வாசிச்சேன். நடுநிலை எல்லாம் சும்மா. தப்பு என்னோடது. அந்தப் பதிவை என்ன செய்யணும்னு நீயே சொல்லு."

"எடுத்துடு."

"சரி."

மகள் காத்திருந்தாள். எந்தச் சமாதானத்துக்குப் பிறகும் அம்மாவிடமிருந்து ஒரு 'ஆனா' வரும் என்பது அவளுக்குப் பழக்கம். டீச்சரின் தொண்டைவரை அது வரத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மகள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "அன்னையிலேருந்து நான் ஸ்கூல்ல சாப்பிடறதே இல்லம்மா. எல்லாரும் பாக்கற மாதிரியே இருக்கு. வாட்ச்மேன் வளக்கற நாய்க்குப் போட்டுடறேன்."

காலி டப்பாவைத் தினமும் நிம்மதியாகக் கழுவிக் கவிழ்த்தவர் டீச்சர். கேட்பதற்கு ஆயிரம் கேள்வி இருந்தது. ஏன் சொல்லவில்லை, உடம்பு என்னத்துக்கு ஆகும், நாளைக்கு என்ன செய்வாய். ஒன்றையும் கேட்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "இப்போ பசிக்குதாடா?" என்றார்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ரொம்பம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து, அவருக்கு முன்னால் சமையலறைக்கு நடந்தாள்.