எறி, பிள்ளை, எறி

செவன் கிங்ஸ் மைதானத்துக்குத் திரும்பும் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது ஜதுர்ஷிகா மறுபடியும் சொன்னாள்.

"அப்பா, இண்டைக்கு அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது."

"எந்தச் சொல்லு?"

"தெரியாத மாதிரிக் கேளாதேங்கோ."

யோகலிங்கத்துக்குத் தெரியும். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் இல்லை, எல்லேதான் இருந்தது. எல்லேயில் ஒருவன் பந்தை எறிவான், மற்றவன் தடியால் அடிப்பான், அடித்தவன் ஓடுவான். எறிபவனைப் பார்த்து எல்லாரும் "எறி, எறி" என்றுதான் கத்துவார்கள். கிரிக்கெட்டில் பந்தைப் போட வேண்டும். மடங்கி வரும் முழங்கையை, பந்து கையை விட்டுப் போகும் நேரத்தில் நிமிர்த்தினால் அது எறிதல், அது குற்றம். இதை மகள் மூன்று வருடமாகச் சொல்லிக் கொடுத்தும், பதற்றம் வந்தால் அவருடைய நாக்கு எல்லேக்குத்தான் போகும்.

"போடு எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டிக் கையை மட்டும் தட்டுங்கோ."

"வாயே திறக்கேல்லை. போதுமே?"

"அது உங்களாலை ஏலாது," என்று சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பெண்கள் லீக்கின் மூன்றாம் பிரிவில் அது கடைசி ஞாயிறு. செவன் கிங்ஸும் பிளேஸ்டோவும் ஒரே புள்ளியில் நின்றன. வெல்கிற அணி மேற்பிரிவுக்குப் போகும். ஆனால் யோகலிங்கம் பஸ் ஓட்டும் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தது அதற்காக அல்ல. கவுண்டி என்ற மாவட்ட அணியின் பெண் பயிற்சியாளர் ஒரு மடக்குக் கதிரையும் தேநீர்க் குடுவையுமாக வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பதினேழு வயதுக்காரி ஒருத்தி இந்தப் பிரிவில் யாரும் போடாத வேகத்தில் போடுகிறாள் என்று கேள்விப்பட்டு வந்தவர். குளிர்காலப் பயிற்சிக்கு ஆட்களைப் புதன்கிழமை தெரிவு செய்கிறார்கள். அடுத்த வருடம் ஜதுர்ஷிகாவுக்கு வயது கூடிவிடும். இன்றைக்குக் காட்டினால்தான் உண்டு.

இன்னொன்றும் இருந்தது. ஜதுர்ஷிகாவின் வலது முழங்கை முழுதாக நிமிராது. பிறவிக் கை, தகப்பனின் கை. எவ்வளவு நீட்டினாலும் ஒரு சின்ன வளைவு மிஞ்சும். வளைந்தபடியே வந்து, வளைந்தபடியே பந்தை விடுவாள். விதிப்படி அதில் பிழையில்லை. இதுவரை யாரும் கேட்டதுமில்லை. மூன்றாம் பிரிவில் துடுப்பெடுக்கும் அணியின் ஆட்களே முறைவைத்து நடுவராக நிற்பார்கள். அவர்களுக்கு எப்போது முறை முடியும் என்பதுதான் யோசனை. இன்றைக்கு ஆட்டம் பெரியது என்பதால் லீக் ஒரு நடுவரை அனுப்பியிருந்தது. செல்வரத்தினம் என்று பெயர். வெள்ளைத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவியபோது யோகலிங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. எங்கட ஆள்.

செவன் கிங்ஸ் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டம் எடுத்தது. பிளேஸ்டோ ஆட இறங்கியதும் ஜதுர்ஷிகாவின் கையில் பந்து வந்தது. அணித்தலைவி கிளறிற்றாவின் தாய் அஞ்சலீனா ஒரு பெட்டி ரோல்ஸ் கொண்டுவந்திருந்தா. யோகலிங்கம் ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணை, பசியோ?"

"இல்லை. வாயை அடைக்க."

அவளுடைய முதல் ஓவர் முழுக்க ரோல் வாயில் இருந்தது. இரண்டாவது ஓவரில் பந்து துடுப்புக்கும் காலுக்கும் நடுவால் புகுந்து நடுக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போனது. பயிற்சியாளர் குடுவையைப் புல்லில் வைத்துவிட்டு முன்னுக்குச் சாய்ந்தார். அதை யோகலிங்கம் கண்டார். அடுத்த பந்துக்கு மகள் ஓடிவரத் தொடங்கினாள். வாயில் ரோல் இல்லை.

"எறி, பிள்ளை! எறி! அப்பிடித்தான், நல்லா எறி!"

மைதானம் சின்னது. துடுப்போடு நின்றவள் பிளேஸ்டோவின் தலைவி மிதுஷா. பந்தைத் தடுத்துவிட்டு, பக்கவாட்டில் நின்ற செல்வரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், கேட்டதே? அவவின்ர அப்பாவே சொல்லுறார், எறியிறா எண்டு!"

பிளேஸ்டோப் பெண்கள் சிரித்தார்கள். கிளறிற்றாவுக்கும் சிரிப்பு வந்தது. செல்வரத்தினம் சிரிக்கவில்லை. இரண்டு எட்டுத் தள்ளி, கொஞ்சம் குனிந்து நின்றார்.

அவளுடைய மூன்றாவது ஓவரின் முதல் பந்து.

"நோ போல்!"

ஜதுர்ஷிகா குனிந்து தன் கால் விழுந்த இடத்தைப் பார்த்தாள். கால் கோட்டுக்குள்ளேதான் விழுந்திருந்தது. செல்வரத்தினம் ஒரு கையைத் தோளுக்கு நேரே நீட்டியபடி, மற்றக் கையால் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். கிளறிற்றா ஓடினாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, எல்லைக்கோட்டில் நின்ற யோகலிங்கத்துக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இன்னொருக்கா அப்பிடி வந்தா, இண்டைக்கு அவ இனிப் போட ஏலாதாம்."

யோகலிங்கம் கோட்டைச் சுற்றி ஓடினார். நடுவருக்குப் பின்னால் வந்து கம்பளி ஜம்பரைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, வலது கையை நீட்டினார்.

"தம்பி! இஞ்சை பாருங்கோ. எங்கட வீட்டுக் கையே இதுதான். நிமிராது. அவ எறியேல்லை, தம்பி. நான் சொன்னது எல்லே எறி!"

"என்ன எல்லே?"

"எல்லே, எல்லே விளையாட்டு…"

"அண்ணை, கோட்டுக்கு வெளியிலை நில்லுங்கோ. ஆட்டம் நடக்குது."

"அப்பா!" என்று ஜதுர்ஷிகா கத்தினாள். அவர் பின்வாங்கிக் கோட்டுக்கு வெளியே நின்றார்.

அவள் மெதுவாகப் போட்டாள். கையை நிமிர்த்தப் பார்க்கிறாள் என்பது அவருக்கு விளங்கியது. நிமிராத ஒன்றை எப்படி நிமிர்த்துவது? மிதுஷா ஒன்றை மரத்தடிக்கு அடித்தாள், அடுத்ததைக் கார்த் தரிப்பிடத்துக்கு அடித்தாள். ஜதுர்ஷிகா பந்தைக் காற்சட்டையில் தேய்த்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு திரும்பி, தன்னுடைய ஓட்டத்தில், தன்னுடைய வேகத்தில் வந்தாள். மிதுஷாவின் குச்சி பறந்த சத்தமும் செல்வரத்தினத்தின் குரலும் ஒன்றாகக் கேட்டன.

"நோ போல்!"

குச்சியை எடுத்து மறுபடி ஊன்றினார்கள். பந்து வேறொருத்தியின் கைக்குப் போனது. ஜதுர்ஷிகாவைத் தூரத்தில், களத்தின் விளிம்பில் நிற்க விட்டார்கள்.

யோகலிங்கம் மடித்த கையை இறக்காமலே மரத்தடிக்குப் போனார். பயிற்சியாளர் கதிரையை மடக்கிக்கொண்டிருந்தார். யோகலிங்கம் தனக்குத் தெரிந்த இங்கிலீசில், பிறவியிலிருந்தே இப்படித்தான் என்று சொல்லிக் கையைக் காட்டினார். அந்தப் பெண்மணி கையை உற்றுப் பார்த்தார், இரக்கத்தோடுதான் பார்த்தார். உங்களை நம்புகிறேன், ஆனால் நடுவர் அறிக்கை போனபின் கையை ஆய்வுகூடத்தில் சோதிக்கும்வரை நான் அவளைத் தெரிவு செய்ய முடியாது என்றார். சோதனைக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டார் யோகலிங்கம். மாதக்கணக்கில் என்றார் அவர். புதன்கிழமைக்கு இரண்டு நாள்தான் இடையில் இருந்தது. அவர் போகும்போது கதிரையின் கால் புல்லில் இழுபட்டுக்கொண்டு போனது.

செவன் கிங்ஸ் நாலு ஓட்டத்தால் வென்றது. பெண்கள் கட்டிப்பிடித்தார்கள், கத்தினார்கள், அஞ்சலீனா மிச்ச ரோல்ஸைப் பிளேஸ்டோப் பெண்களுக்கும் நீட்டினா. படம் எடுக்கையில் கிளறிற்றா ஜதுர்ஷிகாவை இழுத்து நடுவில் நிறுத்தினாள். அவள் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கை தட்டுவதா என்று யோகலிங்கத்துக்குத் தெரியவில்லை. இரண்டு தரம் தட்டினார்.

மிதுஷா அவரிடம் வந்தாள். "அங்கிள், சொறி. நான் பகிடிக்குத்தான்…"

"தெரியும் பிள்ளை."

செல்வரத்தினம் தன் காரருகே சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். யோகலிங்கம் போய் நின்றார். கோபம் வரும் என்று நினைத்துப் போனவருக்கு அது வரவில்லை.

"தம்பி, ஒண்டு மட்டும் கேக்கிறன். நான் கத்தினதாலையோ?"

"இல்லை அண்ணை. ஆரும் கத்துறதைக் கேட்டு நான் குடுக்கிறேல்லை. என்ர கண்ணுக்கு எறியிற மாதிரித்தான் பட்டது. பிழையாவும் இருக்கலாம். சோதிச்சால் தெரியும்." ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நேர்மையான மனிதர், அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஆனா நீங்கள் அதைச் சொன்ன பிறகுதான் நான் கையைப் பார்த்தனான். அதுக்கு முன்னம் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

யோகலிங்கம் தலையாட்டினார். திரும்பி நடந்தார்.

அவர்களுடைய கார், தரிப்பிடத்தின் மறுகரையில் நின்றது. ஜதுர்ஷிகா அதன் பின்பக்கத்தில், தோளில் பையோடு சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னவாம் அவர்?"

யோகலிங்கம் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"சரி, விடுங்கோ. பாரமாக் கிடக்கு, பையை வைக்கவேணும். திறப்பை எறியுங்கோ அப்பா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னாள் என்பது அவளுக்கே கேட்டது. அவள் இடது கையை ஏந்தியபடியே நின்றாள். யோகலிங்கம் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து, தரிப்பிடத்துக்குக் குறுக்கே நடந்து வந்து, அதை அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.