திருப்பாமல் விட்ட சக்கரம்

கரண்ட் என்றால் விளக்கு எரிவது என்றுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது ஒரு முள்ளை நம்பி ஓடுகிறது என்பது எனக்கும் என் கூட்டாளி ராஜநாயகத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைக்குப் போகும் வழியில், பெரிய லைன் கரண்ட் எட்டாத இடம் எங்களுடையது. ஓடைத் தண்ணீரில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதற்கு நான்தான் ஆள். அது ஓடும் வேகத்தைக் காட்டும் மீட்டர் முள் ஐம்பதில் நிற்க வேண்டும். கூடினால் வால்வுச் சக்கரத்தைத் திருப்பித் தண்ணீரைக் குறைப்பேன், குறைந்தால் திறந்துவிடுவேன். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இரண்டாயிரத்து ஆறில் யாரோ புண்ணியவான்கள் வந்து மலையுச்சியில் ஒரு காற்றாலையை நட்டு, எங்கள் லைனோடு இணைத்துவிட்டுப் போனார்கள். அதோடு என் நிம்மதி போயிற்று. காற்று அடித்தால் முள் ஐம்பத்து நான்குக்குத் தாவும். நான் வால்வை மூடி முடிப்பதற்குள் காற்று ஓய்ந்துவிடும், முள் நாற்பத்தாறில் கிடக்கும். இதையெல்லாம் தானாகவே சமாளிக்கிற பெட்டி ஒன்று பின்னால் வரும் என்றார்கள். இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்ன மனுசனை ஒரு நாள் அந்த வால்வடியில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதல் மாதத்திலேயே மரிய கொறற்றியின் தையல் மெஷின்கள் இரண்டு கருகிப்போயின. அவள் ராஜநாயகத்தின் மனைவி. கொழுந்து பறிக்கப் போகாத பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஸ்கூல் யூனிபோர்ம் தைத்துக் கொடுத்தாள். அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது.

"அண்ணே, ஒங்க முள்ளுக்கு ஒரு மூக்கணாங்கயிறு போடுங்க," என்று என்னைக் கிண்டல் செய்தாள்.

வழி கண்டுபிடித்தவன் ராஜநாயகம். மலைக்காவல் அவன் வேலை. காற்று வரும்போது எதிர்மலையில் மானாப்புல் முதலில் சாயும், சாய்ந்து இருபது எண்ணுவதற்குள் காற்று இந்தப் பக்கம் வந்துவிடும் என்பதைக் கவனித்து வைத்திருந்தான்.

"அந்த இருபதுதான் மச்சான் நமக்கு வேணும்," என்றான்.

உச்சியில் அவன் சிவப்புத் துணியைத் தூக்கினால் காற்று வருகிறது, வால்வை மூட வேண்டும். வெள்ளை என்றால் காற்று விழுகிறது, திறக்க வேண்டும். ஜெனரேட்டர் கொட்டில் வாசலிலிருந்து எனக்கு உச்சி நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். முள் ஐம்பதை விட்டு அசையவில்லை. நான் அவனைக் கொடிக்காரத் தொரை என்று கூப்பிடுவேன். உள்ளுக்குள் அவனுக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாயிரத்து எட்டு ஜூலையில், நல்ல காற்று நாளில், ஒரு ஜீப் வந்து கொட்டிலடியில் நின்றது. துவக்கோடு நாலு ஆர்மிக்காரர்கள் இறங்கினார்கள். மேலே துணி ஆட்டுகிறவன் யாருக்குச் சைகை காட்டுகிறான் என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

எனக்குத்தான், காற்றுக்காக, என்று சொல்லி முள்ளைக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என்னிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பதிவு இல்லையென்று மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். யுத்தத்தில் நாடு கிடந்த கிடையில் அட்டையில்லாத தமிழனுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாது சேர் என்றேன்.

அந்த நேரம் பார்த்து உச்சியில் சிவப்பு எழுந்தது.

சக்கரம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. தொட்டால் அகப்பட்டுக்கொள்வேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முள் ஐம்பத்து மூன்றைத் தாண்டியது, ஜெனரேட்டர் கத்தத் தொடங்கியது. ராஜநாயகம் பாறைமேல் ஏறித் துணியைத் தலைக்கு மேலே சுழற்றினான். அவசரமாக ஏதோ சொல்கிறான் பார் என்றார் வந்தவர்களில் ஒருவர். அடப்பாவி, இறக்குடா அதை, என்று மனசுக்குள் கத்தினேன். அவர்கள் மேலே ஓடினார்கள்.

தையல் மெஷின்கள் அத்தனையும் கருகிவிட்டன. அவனைத் துணியோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மரிய கொறற்றி வந்தாள். "நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க அண்ணே. காத்துக்குத்தான்னு சொல்லுங்க, போதும்."

நாளைக்குப் போவோம் என்றேன். அடுத்த வாரமும் வந்தாள், அன்றும் அதையேதான் சொன்னேன். பிறகு அவள் கேட்கவில்லை. மாதா கோவில் பாதர் மாத்தளைக்கும் கொழும்புக்கும் அலைந்து அவனை வெளியே எடுக்கப் பதினொரு மாதம் ஆனது. அத்தனை நாளும் கோழைப்பயலே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டேனே தவிரப் போகவில்லை.

வந்த மறுநாள் ராஜநாயகம் கொட்டிலுக்கு வந்தான். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. வாசலில் குந்திக்கொண்டு, முள்ளைப் பார்த்தான். எனக்குத் தண்ணீருக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது.

"மச்சான், அன்னைக்குப் பனி மூடியிருந்திச்சில்ல? அதான் ஒனக்குத் துணி தெரியல," என்றான்.

"ஆமாடா, பனி," என்றேன்.

"கொறற்றிகிட்டயும் அதத்தான் சொல்லி வச்சிருக்கேன். நீ மாத்திச் சொல்லிராத."

ஜீப் வந்த அன்று மலை முழுக்க வெயில். உச்சியில் நிற்கிறவனுக்கு, கொட்டில் வாசலில் நிற்கிறவன் கை கட்டியிருப்பதுகூடத் தெரியும்.